ஆடுபவரும் காத்திருப்பவரும்

வளர்ந்த மனிதர் விளையாட்டில் பொழுதைச் செலவிடுவது அறத்திற்கு உகந்ததா என்னும் வினா பழமையானது. அதனை ஒரு மாநகர மன்றமே விசாரித்த வரலாறு 'பின்பால்' விளையாட்டுக்கு உண்டு. கண்ணாடி மூடிய சரிவான மேசையில் 80 கிராம் எடையுள்ள எஃகுக் குண்டு உருண்டு வரும். முட்டுமிடமெல்லாம் மணியொலித்து மதிப்பெண் ஏறும். கீழ்வாயிலில் விழுந்தால் அக்குண்டு போயிற்று. ஆட்டம் இவ்வளவே.

1942இல் நியூயார்க் நகரம் இதற்குத் தடை விதித்தது. பள்ளிச் சிறாரின் காசைப் பறிக்கும் சூது என்று கூறி, மேயர் லாகார்டியா இயந்திரங்களைச் சம்மட்டியால் தாமே உடைத்தார். அவரை இன்று நகையாடுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். குண்டை மேலே திருப்பியடிக்கும் 'பிளிப்பர்' என்னும் சிறு துடுப்புகள் 1947இல், காட்லீப் நிறுவனத்தின் 'ஹம்ப்டி டம்ப்டி' இயந்திரத்தில்தான் வந்தன. அதற்கு முன்போ, குண்டை ஏவியபின் மேசையை இலேசாகத் தட்டுவதன்றி ஆடுபவர் செய்யக்கூடியது அதிகமில்லை. ஆகவே அன்றைய ஐயம் அறிவற்றதன்று; ஆட்டம் மாறிய பின்னும் சட்டம் மாறாது நின்றதே குறை. 1976இல் ரோஜர் ஷார்ப் என்னும் இளைஞர் நகர மன்றக் குழுவின் முன், குண்டு செல்லப்போகும் வழியை முன்னரே சுட்டிக்காட்டி, அவ்வாறே செலுத்திக் காட்டினார். தடை நீங்கியது. அந்த அடியில் அதிர்ஷ்டமும் கலந்திருந்ததைப் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார்!

அதிர்ஷ்டமா, திறமையா என்பது சட்டத்தின் கேள்வி. அறத்தின் கேள்வி அங்கே முடிவதில்லை. உழைத்த உடலுக்கு உறக்கம் போல, உழைத்த உள்ளத்திற்கு விளையாட்டு தேவை என்றார் புனித தாமஸ் அக்குவினாஸ். அளவு மீறிய விளையாட்டைக் கண்டித்த அவரே, தானும் மகிழாமல் பிறர் மகிழ்ச்சிக்கும் தடையாயிருப்பவனிடமும் குற்றம் கண்டார். ஆக, விளையாட்டை எடைபோட அருகில் நிற்கும் மனிதரையும் பார்க்க வேண்டியுள்ளது.

சிகாகோ வட்டாரத்தில் 1985இல் தொடங்கிய பின்பால் கண்காட்சியை எண்ணிப் பாருங்கள். நுழைவுச்சீட்டு வாங்கியவர் ஆட்டக் கூடத்து இயந்திரங்களில் காசு போடாமலே ஆடலாம். காசு விலகியதும் சூது என்னும் பழியும் விலகுகிறது. ஆயினும் அங்கே அரிதானது வேறொன்று: முறை. புதிதாய் வந்தவர் பதற்றத்தில் இரு பொத்தான்களையும் ஒருசேர அழுத்துவார். மூன்று குண்டுகளும் இரண்டொரு நிமிடத்தில் வீழ்ந்துவிடும். கைதேர்ந்தவரோ அதே மேசையில் கால்மணி நேரம் ஆடுவார். அவர் திறமை வளர வளர, பின்னால் நிற்பவரின் காத்திருப்பும் நீள்கிறது. அவர் எவரையும் ஏமாற்றவில்லை, விதியை மீறவுமில்லை. எனினும் ஆட்டம் முடிந்தவுடன் விலகி நிற்பதும், உடனே மறு ஆட்டம் தொடங்குவதும் ஒன்றல்ல. சூதாட்டத் தடைச் சட்டம் எதுவும் இதைத் தொடாது. என் நோக்கில், அவரது விளையாட்டின் தரம் மதிப்பெண் பலகையைவிட இவ்விடத்திலேயே தெளிவாகத் தெரிகிறது.

விலகுபவர் சிலவேளை புதியவரின் பக்கத்திலேயே நின்று கற்றுக்கொடுக்கவும் செய்வார். அடிப்பது பிறகு, முதலில் குண்டை நிறுத்தப் பழக வேண்டும். ஒரு துடுப்பை மட்டும் உயர்த்திப் பிடித்தால், உருண்டு வரும் குண்டு அதன் மடியில் அடங்கி நிற்கும். எங்கே அனுப்பலாம் என்று நிதானமாகப் பார்க்க அப்போது நேரம் கிடைக்கிறது.