உரிமையும் ஈகையும்: மூணாறு தேயிலைத் தோட்டப் பெண்களின் போராட்டம் எழுப்பும் அறவியல் வினாக்கள்

முன்னுரை

ஒருவர்க்கு உரியதை அவரிடம் ஒப்படைப்பது முறை. தமக்குரியதைப் பிறர்க்கு மனமுவந்து வழங்குவது ஈகை. இரண்டும் அறமேயாயினும், முறை இருக்க வேண்டிய இடத்தில் ஈகை அமரும்போது அறம் திரிபடைகிறது. உரிமையோடு பெற வேண்டியவர் இரந்து பெறுபவராகிறார், கடன்பட்டவரோ வள்ளலாகிறார். நடுவு நிலைமை, ஈகை ஆகிய இரண்டையும் திருக்குறள் தனித்தனி அதிகாரங்களாக வகுத்துள்ளமை ஈண்டு நினையத்தக்கது.

பெண்ணுரிமை பற்றிய இற்றைநாள் விவாதங்கள் பெரும்பாலும் நகரத்துக் கல்விநிலையங்களையும் அலுவலகங்களையும் மையமிட்டே நிகழ்கின்றன. தமிழக எல்லையை ஒட்டிய கேரள மலைப்பகுதிகளான நெல்லியாம்பதி, மூணாறு, பீருமேடு ஆகியவற்றில் தலைமுறை தலைமுறையாக உழைத்துவரும் தமிழ்ப் பெண்கள் அவ்விவாதங்களில் அரிதாகவே இடம்பெறுகின்றனர். 2015 ஆம் ஆண்டு மூணாற்றில் அவர்கள் நடத்திய போராட்டத்தை முன்வைத்து, நியாயம், பிரதிநிதித்துவம், பாதுகாப்பு ஆகிய மூன்று கருத்தாக்கங்களை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

களமும் நிகழ்வும்

கண்ணன் தேவன் மலைகளில் தோட்டத் தொழில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் வேரூன்றியது. காடழித்துச் செடி நடவும் கொழுந்தெடுக்கவும் தென் தமிழக மாவட்டங்களிலிருந்து ஏழை மக்கள் கங்காணிகள் வழியாக அழைத்துவரப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். 1956 இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளம், பீருமேடு பகுதிகள் கேரளத்தில் அமைந்தன. அதனால் இம்மக்கள் மொழியாலும் சிறுபான்மையினராயினர். 2005 இல் டாட்டா நிறுவனம் தோட்ட நிருவாகத்திலிருந்து விலகியபோது, தொழிலாளரையும் பங்குதாரர்களாகக் கொண்ட கண்ணன் தேவன் மலைத்தோட்ட நிறுவனம் தோற்றம் பெற்றது.

2015 செப்டம்பரில் அந்நிறுவனம் போனஸை 10 விழுக்காடாகக் குறைத்ததை எதிர்த்து ஆயிரக்கணக்கான பெண்கள் வேலையை நிறுத்தி மூணாறு நகரில் சாலையை மறித்து அமர்ந்தனர். 20 விழுக்காடு போனஸும், அப்போது 232 ரூபாயாக இருந்த நாட்கூலியை 500 ரூபாயாக உயர்த்துவதும் அவர்தம் முதன்மைக் கோரிக்கைகள். லிசி சன்னி, கோமதி, இந்திராணி முதலியோர் முன்னின்ற இவ்வெழுச்சி ‘பெம்பிளை ஒருமை’ எனப் பெயர் பெற்றது. ஒன்பது நாள் நீடித்த போராட்டம் செப்டம்பர் 13 அன்று முதலமைச்சர் உம்மன் சாண்டி முன்னிலையில் நடந்த பேச்சுவார்த்தைக்குப் பின் முடிவுற்றது. கூலிக் கோரிக்கை தனியே பேசப்பட்டு, அக்டோபரில் நாட்கூலி 301 ரூபாயாக உயர்ந்தது.

இப்பெயரின் சொல்லமைப்பும் கருதத்தக்கது. ‘பெண்பிள்ளை’ என்பது பேச்சுவழக்கில் ‘பெம்பிளை’ எனத் திரிந்தது. ‘ஒருமை’ தமிழிலக்கணத்தில் ஓர் எண்ணைக் குறிப்பது. ஒற்றுமை என்னும் பொருளிலோ அது மலையாளத்து ‘ஒரும’ என்னும் சொல்லோடு நெருங்கி நிற்கிறது. இரு மொழிகளின் எல்லையில் வாழ்வோர் தமக்குத் தாமே இட்ட பெயர் இது.

சமக்கூலி சமநீதி ஆகுமா?

இதனைப் பெண்ணுரிமைப் போராட்டம் எனல் பொருந்துமா, கூலிப் போராட்டம் எனல் போதாதா என்னும் வினா எழலாம். 1976 ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்திற்குப் பின் ஆண், பெண் இருபாலார்க்கும் தோட்டங்களில் ஒரே நாட்கூலியே உரியது. ஆகவே பாகுபாடு இல்லை என்பது இவ்வாதத்தின் சாரம்.

இவ்வாதம் சட்டத்தின் எழுத்தளவில் சரியானது. ஆனால் தோட்டத்தில் வேலை பகுக்கப்பட்டிருக்கும் முறையை அது கணக்கிற் கொள்ளவில்லை. கொழுந்தெடுப்போர் மிகப் பெரும்பாலும் பெண்கள். மேற்பார்வையாளர்களும் சங்கத் தலைவர்களும் பெரும்பாலும் ஆண்கள். நாட்கூலி பெறுவதற்குக் குறிப்பிட்ட எடைக் கொழுந்தைப் பறித்தாக வேண்டும் என்னும் விதியின் சுமை பெண்ணின் முதுகிலேயே ஏறுகிறது. காலையில் அடுப்பெரித்துப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு மலையேறும் அவளுக்கு, மாலையிலும் வீட்டுவேலை காத்திருக்கிறது. சமமற்ற சுமைகளுக்குச் சமமான கூலி வழங்குவது சமத்துவத்தின் தோற்றமேயன்றி அதன் நிறைவாகாது. ‘நீதி’ என்பதை விதிகளின் ஒழுங்காகவும், ‘நியாயம்’ என்பதை மக்கள் உண்மையில் அடையும் வாழ்வாகவும் அமர்த்தியா சென் பிரித்துக் காண்பது இங்குப் பொருந்தும். மூணாற்றில் நீதி ஓரளவு இருந்தது. நியாயம் இல்லை எனலாம்.

கருணைத்தொகை என்னும் சொல்

போராட்டத்தின் முடிவு நுணுகி நோக்கற்பாலது. பெண்கள் கேட்ட 20 விழுக்காடு அவர்களுக்குக் கிடைத்தது. ஆனால் அது 8.33 விழுக்காடு போனஸ் எனவும் 11.67 விழுக்காடு கருணைத்தொகை எனவும் இரு கூறாக்கப்பட்டது. 1965 ஆம் ஆண்டின் போனஸ் சட்டப்படி 8.33 விழுக்காடு என்பது குறைந்த அளவு. 20 விழுக்காடு உச்ச அளவு. சட்டம் எவ்வகையிலும் தரச் சொல்லும் பகுதி மட்டும் உரிமையாக ஏற்கப்பட்டது. அதைவிடப் பெரிய மறுபகுதி கொடையாகப் பெயரிடப்பட்டது.

கைக்கு வந்த பணம் ஒன்றே எனில் பெயரில் என்ன இருக்கிறது எனக் கேட்கலாம். தேயிலை விலை வீழும்போது நிறுவனத்தின் நிதிநிலையையும் கருத வேண்டும். உபரியை நிலையான கடமையாக்கினால் வருங்காலத்தில் வேலையே குறையலாம் என்பது நிருவாகத் தரப்பின் வாதம். இதனைப் புறந்தள்ளல் இயலாது. எனினும் பெயருக்கு விளைவு உண்டு. உரிமையாகப் பெற்றதை அடுத்த ஆண்டும் கேட்கலாம், மறுத்தால் வழக்காடலாம். கருணையாகப் பெற்றதற்கு நன்றி கூறலாம். மறுத்தால் வருந்தலாம், அவ்வளவே. எனவே கொடை என்னும் சொல் பணத்தின் அளவைக் குறைக்காமலே பெறுபவரின் நிலையைக் குறைக்கிறது. நெருக்கடியைப் பகிர்ந்துகொள்ளத் தொழிலாளர் கடமைப்பட்டவர் எனில், நிறுவனத்தின் கணக்கை அறியவும் முடிவில் பங்கேற்கவும் அவர்களுக்கு உரிமை வேண்டும். பங்குதாரர் என்னும் பெயரையே தாங்கிய தொழிலாளர்க்கு இது கூடுதலாகப் பொருந்தும்.

யார் யாருக்காகப் பேசுவது?

இப்போராட்டத்தின் தனித்தன்மை, அது நிறுவனத்தோடு தொழிற்சங்கங்களையும் எதிர்த்தது என்பதாகும். எல்லாக் கட்சிகளின் சங்கங்களையும் பெண்கள் ஒதுக்கினர்; ஆண்களைப் பின்னிருக்கச் செய்தனர்; பேச வந்த அரசியல் தலைவர்கள் பலரைத் திருப்பி அனுப்பினர். கூடை சுமப்பவர் ஒருவராகவும் அதன் பயன் கொள்பவர் வேறொருவராகவும் இருக்கின்றனர் என்பதே அவர்தம் முழக்கங்களின் கருத்து.

சங்கங்களின் தரப்பிலும் உண்மை உண்டு. தோட்டத் தொழிலாளர் பெற்ற விடுப்பு, மருத்துவம், குழந்தைக் காப்பகம் முதலிய நலன்களுக்குப் பின்னால் அவற்றின் நெடுநாள் உழைப்பு இருக்கிறது. அமைப்பு இல்லாத எழுச்சி ஒருமுறை வெல்லும். நிலைத்து நில்லாது என்பது அவர்தம் எச்சரிக்கை. பிற்கால நிகழ்வுகள் இதனை ஓரளவு மெய்ப்பித்தன. 2015 நவம்பரில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் கோமதி தேவிகுளம் பிளாக் பஞ்சாயத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆயினும் தலைமைக்குள் பிளவு நேர்ந்து இயக்கம் வலிமை குன்றியது.

ஆனால் இயக்கம் குன்றியதால் அதன் வினா பொய்யாகிவிடாது. ஒருவருக்காகப் பேசும் தகுதி எங்கிருந்து வருகிறது? பேசப்படுபவரின் இசைவிலிருந்தே வருகிறது. அவ்விசைவு முன்னொரு காலத்தில் தரப்பட்டது என்பதால் என்றும் தொடரும் எனக் கொள்ளலாகாது. உறுப்பினருள் பெரும்பான்மையினர் பெண்களாக இருந்தும் பேச்சுவார்த்தை மேசையில் அவர்கள் இல்லையெனில், அங்கே பேசப்படுவது அவர்களைப் பற்றியதேயன்றி அவர்களுடைய பேச்சாகாது.

சொல்லும் சுவரும்: பாதுகாப்பின் இரு முகங்கள்

பாதுகாப்பு என்பது உடலைக் காப்பது மட்டுமன்று. 2017 ஏப்ரலில் கேரள மின்துறை அமைச்சராக இருந்த எம். எம். மணி இப்போராட்டத்தைக் குறித்து ஆற்றிய உரை பெண்களை இழிவுபடுத்துவது எனக் கண்டித்து, பெம்பிளை ஒருமையினர் மூணாற்றில் மீண்டும் தெருவில் அமர்ந்தனர். தம் கருத்து திரிக்கப்பட்டது என அமைச்சர் விளக்கினார்; வருத்தமும் தெரிவித்தார். அவ்வுரை தொடர்பான வழக்கு கேரள உயர்நீதிமன்றம் கடந்து உச்சநீதிமன்ற அரசியல் சாசன அமர்வு வரை சென்று, கௌஷல் கிஷோர் வழக்கோடு இணைத்து விசாரிக்கப்பட்டது. அமைச்சர் ஒருவரின் கூற்றுக்கு அரசைப் பொறுப்பாக்க இயலாது என 2023 ஜனவரி 3 அன்று பெரும்பான்மை நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். அக்கூற்று அரசின் கருத்தையும் வெளிப்படுத்துவதாயின் அரசும் பொறுப்பேற்கலாம் என நீதிபதி நாகரத்னா மாறுபட்டார். சட்டத்தின் எல்லை எதுவாயினும், உரிமை கேட்ட பெண்ணின் ஒழுக்கத்தை ஐயுறுவது அவளை வாயடைக்கச் செய்யும் பழைய கருவி என்பதில் ஐயமில்லை.

மற்றொரு முகம் இருப்பிடம் சார்ந்தது. தோட்டக் குடும்பங்கள் வாழும் லயங்கள் நிறுவனத்திற்கு உரியவை; வேலை முடிந்தால் வீடும் முடிகிறது. வீட்டை இழக்கும் அச்சத்தால் தாய்க்குப் பின் பிள்ளையும் கூடை தூக்க நேர்கிறது. 2020 ஆகஸ்ட் 6 இரவு இராஜமலை அருகே பெட்டிமுடியில் நேர்ந்த மண்சரிவு லயங்களை மூடியதில், உடல் கிடைக்காதோர் உட்பட 70 பேர் மாண்டனர். இயற்கைச் சீற்றத்திற்கு எவரும் பொறுப்பில்லை எனலாம். எங்கே உறங்குவது என்பதைத் தெரிவுசெய்யும் வாய்ப்பு அம்மக்களுக்கு இல்லாமற்போனமைக்குப் பொறுப்பு உண்டு. சொந்த நிலம் இல்லாத பெண்ணுக்குக் கூலியுயர்வு மட்டும் பாதுகாப்பு ஆகாது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து சில கருத்துகள் பெறப்படுகின்றன. சுமை வேறுபடும் இடத்தில் ஒரே கூலி என்பது நியாயத்தின் தொடக்கமேயன்றி முடிவன்று. உழைப்பின் பயனைக் கொடையெனப் பெயரிடுவது, பெறுபவரை உரிமையாளர் நிலையிலிருந்து இரவலர் நிலைக்கு இறக்குகிறது. பிரதிநிதித்துவம் தொடர்ந்து புதுப்பிக்கப்பட வேண்டிய இசைவு. பெண்ணின் பாதுகாப்பு அவள் பெயருக்கும் அவள் தலைக்கு மேலுள்ள கூரைக்கும் சேர்த்தே உறுதிசெய்யப்பட வேண்டியது.

ஒன்பது நாள் சாலையில் அமர்ந்த பெண்கள் கேட்டது எவருடைய இரக்கத்தையும் அன்று. தம் கணக்கைத் தாமே பார்க்க வேண்டும் என்றே கேட்டனர். அறநூல்களை நெடுங்காலமாகப் பயின்றுவரும் தமிழ்ப் புலமையுலகம், ஈகையைப் போற்றும் அளவிற்கு முறையையும் வலியுறுத்துகிறதா என்று தன்னையே வினவிக்கொள்ள இப்போராட்டம் காரணமாகிறது.