பாபிலோன் பள்ளியில் நான்கு மாணவர்

தியானப் பகுதி: தானியேல் 1, 2 அதிகாரங்கள்



தானியேல் என்றதும் நம் மனக்கண்முன் வருவது சிங்கக் கெபி. ஞாயிறு பள்ளிச் சுவரில் தொங்கும் படங்களிலெல்லாம் அவன் சிங்கங்களின் நடுவே நிற்கிறான். அந்தக் கெபிக்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்னர் அவன் ஒரு பள்ளி மாணவனாயிருந்தான் என்பதை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. எருசலேமிலிருந்து சிறைப்பட்டு வந்த வாலிபரில் சிலரைத் தெரிந்தெடுத்து, கல்தேயரின் எழுத்தையும் பாஷையையும் மூன்று வருஷம் கற்பிக்கும்படி நேபுகாத்நேச்சார் கட்டளையிட்டான். பாடமும் ராஜாவினுடையது, உணவும் ராஜாவினுடையது. பெயரைக்கூட அந்தப் பள்ளி மாற்றிவிட்டது. தானியேல் பெல்தெஷாத்சார் ஆனான். அனனியா, மீஷாவேல், அசரியா என்னும் மூவரும் சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ ஆனார்கள்.

இந்த அதிகாரத்தைத் தலைநகர் டெல்லியின் மயூர் விஹாரில் இருந்து வாசிக்கிறவர்களுக்கு அது பழங்கதையாகத் தோன்றாது. யமுனைக்குக் கிழக்கே, நொய்டாவின் எல்லையை ஒட்டி, அடுக்குமாடிக் குடியிருப்புகளாய் வளர்ந்த பகுதி அது. வேலையின் நிமித்தம் வந்து குடியேறிய தமிழரும் மலையாளிகளும் அங்கே கணிசமாக உண்டு. 2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கன்னியாகுமரி மாவட்ட மக்களில் ஏறக்குறைய 47 சதவீதம் பேர் கிறிஸ்தவர்கள். டெல்லியிலோ நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. நாகர்கோவிலில் பாதி வகுப்பும் தன்னோடு ஆலயத்துக்கு வரக் கண்ட பிள்ளை, தகப்பனுக்கு டெல்லிக்கு மாற்றலானவுடன் நாற்பது பேர் கொண்ட வகுப்பில் தனியாளாய் உட்காருகிறது. மதிய உணவு வேளையில் அந்தப் பிள்ளை ஒரு நிமிஷம் கண்மூடி ஜெபித்தால் பக்கத்திலிருக்கும் பிள்ளை கேட்கும்: “என்ன செய்கிறாய்?”

சாட்சி அங்கேதான் தொடங்குகிறது. மேடையும் இல்லை, ஒலிபெருக்கியும் இல்லை. ஒரு சிறு கேள்வி மாத்திரமே. ஆனால் பதில் சொல்வது அத்தனை எளிதல்ல. அந்தப் பிள்ளை ஜெபிக்கக் கற்றது தமிழில். வேதத்தை வாசிப்பது பெரும்பாலும் ஆங்கிலத்தில். கேள்வியோ இந்தியில் வருகிறது. ‘கிருபை’ என்பதை இந்தியில் எப்படிச் சொல்வது? வீட்டில் யாரும் சொல்லித் தரவில்லை. ஆகவே தலையை ஆட்டிவிட்டு ரொட்டியைப் பிய்க்கிறது. பெற்றோர் இதைக் கூச்சம் என்கிறார்கள். சபையார் சிலர் இதை விசுவாசக் குறைவு என்றே சொல்லிவிடுகிறார்கள். அது வெறும் சொற்குறை என்பதே நம் எண்ணம்.

தானியேலின் புத்தகத்திலே ஒரு விசேஷம் உண்டு. எபிரெய பாஷையில் தொடங்கும் அந்தப் புத்தகம், இரண்டாம் அதிகாரம் நான்காம் வசனத்தின் நடுவிலே அரமிய பாஷைக்கு மாறி, ஏழாம் அதிகாரத்தின் முடிவுவரை அப்படியே செல்லுகிறது. பாபிலோன் அரமனையில் நடந்த காரியங்கள் பாபிலோனியருக்கு விளங்கும் பாஷையிலே எழுதப்பட்டிருக்கின்றன. பள்ளியில் கற்ற பாஷையிலேயே அந்த மாணவன் தன் தேவனைக் குறித்துப் பேசினான். நம் பிள்ளைகளுக்கும் அந்த உதவி வேண்டும். தமிழ்ச் சபை தமிழை விடவேண்டாம். ஞாயிறு பள்ளியில் பத்து நிமிஷம் ஒதுக்கி, இதை உன் சிநேகிதனுக்கு இந்தியில் எப்படிச் சொல்வாய் என்று கேட்கலாமே.

தானியேல் பள்ளியில் நடந்துகொண்ட விதத்தைப் பாருங்கள். ராஜபோஜனத்தால் தன்னைத் தீட்டுப்படுத்துவதில்லை என்று இருதயத்தில் தீர்மானித்தான். தட்டைத் தள்ளிவிடவில்லை, பொறுப்பாளனிடம் போய் அனுமதி கேட்டான். அந்த அதிகாரியோ, உங்கள் முகம் வாடிப்போனால் ராஜா என் தலையை வாங்கிவிடுவானே என்று பயந்தான். தானியேல் அந்தப் பயத்தை அற்பமாய் எண்ணவில்லை. பத்து நாள் சோதித்துப் பாருங்கள், பிறகு உங்களுக்குச் சரியெனத் தோன்றுவதைச் செய்யுங்கள் என்று மேல்ஷார் என்பவனிடம் விண்ணப்பம் பண்ணினான். ஆசிரியருக்கும் ஒரு மேலதிகாரி உண்டு, அவருக்கும் ஒரு நெருக்கடி உண்டு என்று உணர்ந்த மாணவனின் பணிவு அது.

நம்முடைய நாட்டிலே இதற்கொரு சம்பவம் உண்டு. 1985 ஆம் ஆண்டு ஜூலை மாதம், கேரளத்தின் கோட்டயம் மாவட்டம் கிடங்கூரில், பத்தாம், ஒன்பதாம், ஐந்தாம் வகுப்புகளில் படித்த உடன்பிறந்தார் மூவர் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டனர். காலைக் கூட்டத்தில் தேசியகீதம் பாடப்படும்போது அவர்கள் மரியாதையாய் எழுந்து நின்றார்கள், ஆனால் பாடவில்லை. அவர்கள் யெகோவாவின் சாட்சிகள் என்னும் பிரிவைச் சேர்ந்தவர்கள். அவர்களுடைய உபதேசத்தை நாம் ஏற்பதில்லை. தேசியகீதம் பாட நமக்கு மனத்தடையும் இல்லை, மகிழ்ச்சியோடே பாடுகிறோம். ஆயினும் அந்தப் பிள்ளைகளின் நடத்தை நாம் கவனிக்கத்தக்கது. அவர்கள் சட்டத்துக்கு அடங்கி நடக்கிறவர்கள், அவமரியாதை எதுவும் காட்டவில்லை என்று விசாரணைக் குழுவே அறிக்கை கொடுத்தது. அப்படியிருந்தும் நீக்கப்பட்டார்கள். கேரள உயர்நீதிமன்றத்தில் தோற்றார்கள். 1986 ஆகஸ்ட் 11 அன்று உச்சநீதிமன்றத்தில் நீதிபதிகள் சின்னப்ப ரெட்டி, எம். எம். தத் இருவரும், மரியாதையாய் எழுந்து நிற்பவர் பாடாமலிருப்பது அவமதிப்பு ஆகாது, அப்படிப் பாடக் கட்டாயப்படுத்தும் சட்டமும் இல்லை என்று கூறி, அவர்களை மறுபடியும் பள்ளியில் சேர்க்கும்படி தீர்ப்பளித்தார்கள். மனச்சாட்சியைக் காத்த அந்த வழக்கிலே, நீதிபதிகள் முக்கியமாக எடுத்துச் சொன்னது அந்தப் பிள்ளைகள் எழுந்து நின்ற மரியாதையை. தங்கள் நம்பிக்கையைக் குறித்துக் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடே பதில் சொல்லவேண்டும் என்று பேதுரு அப்போஸ்தலன் எழுதியதும் (1 பேதுரு 3:15) இதே வழியைத்தான் காட்டுகிறது.

அரசியலமைப்பின் 25 ஆவது பிரிவு மனச்சாட்சியின் சுதந்திரத்தையும், மதத்தை அறிக்கையிடவும் கைக்கொள்ளவும் பரப்பவும் உள்ள உரிமையையும் தருகிறது. இதை நாம் மேடைதோறும் சொல்லுகிறோம். 28 ஆவது பிரிவை அவ்வளவாகச் சொல்லுவதில்லை. அரசின் அங்கீகாரமோ உதவியோ பெற்ற பள்ளியில், ஒரு மாணவனை அவனுடைய சம்மதமின்றி, சிறுவனாயிருந்தால் பெற்றோர் அல்லது காப்பாளரின் சம்மதமின்றி, மதபோதனையிலோ வழிபாட்டிலோ பங்குபெறும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அது. டெல்லியில் தனியாய் உட்கார்ந்திருக்கும் நம் பிள்ளையைக் காக்கும் வேலி அதுவே. நம்முடைய மிஷன் பள்ளியில் படிக்கும் இந்துப் பிள்ளையைக் காக்கும் வேலியும் அதுவே. ஒரு பக்கத்தை மாத்திரம் பிடித்துக்கொண்டு நிற்கலாகாது.

பிள்ளைகளின் புத்தகப் பையில் கைப்பிரதிகளை நிரப்பி அனுப்புகிற பெரியவர்கள் சிலர் உண்டு. அவர்களுடைய வாஞ்சையை நாம் சந்தேகிக்கவில்லை. ஆனால் வீதியில் நின்று நாம் கொடுக்கத் தயங்குகிறதை ஏழாம் வகுப்புப் பிள்ளையின் கையிலே கொடுத்தனுப்புவது நியாயமா? மயூர் விஹாரிலிருந்து சற்றுத் தூரம் போனால் உத்தரப்பிரதேசம்; அங்கே 2021 முதல் மதமாற்றத் தடைச் சட்டம் நடைமுறையில் உள்ளது. இரு பக்கமும் பள்ளிக்குப் போய்வரும் குடும்பங்கள் அநேகம். சட்டத்தை அறிந்திருக்கவேண்டியது மூப்பர்களின் பொறுப்பு. அந்தப் பாரத்தைப் பிள்ளையின் தோளில் வைக்கலாகாது. ஒரு சிநேகிதன் கேட்டால் அன்போடு சொல். வீட்டுக்கு அழைத்தால் அவன் பெற்றோர் அறிய அழை. வேண்டாம் என்று அவன் சொன்னால் சிநேகம் மாத்திரம் குறையவேண்டாம். பிள்ளைக்கு இவ்வளவு போதும். நாகமானின் வீட்டிலிருந்த சிறுபெண் சொன்னது ஒரே ஒரு வார்த்தை. அதுவும் எஜமானின் குஷ்டம் நீங்கவேண்டும் என்ற ஆசையினால் சொன்னது (2 இராஜாக்கள் 5:3).

அப்படியானால் சபையின் பங்கு என்ன? இரண்டாம் அதிகாரத்துக்கு வாருங்கள். ராஜா தன் சொப்பனத்தைச் சொல்லாமலே அர்த்தம் கேட்டு, ஞானிகளைக் கொலைசெய்யக் கட்டளையிடுகிறான். தானியேல் தவணை கேட்டுவிட்டு நேராக வீட்டுக்குப் போகிறான். அனனியா, மீஷாவேல், அசரியா என்பவர்களுக்குக் காரியத்தைச் சொல்லி, நால்வருமாகப் பரலோகத்தின் தேவனை நோக்கி இரக்கம் கேட்கும்படி செய்கிறான் (தானியேல் 2:17, 18). ராஜாவின்முன் நின்றவன் ஒருவன். அன்றிரவு முழங்காலில் நின்றவர்களோ அவனோடு மூவர். அந்த மூவர் இல்லையென்றால் வீட்டுக்குப் போய் அவன் யாரிடம் சொல்லியிருப்பான்? பள்ளியில் நடந்ததைப் பிள்ளை வந்து சொல்ல ஓர் இடம் வேண்டும். சொன்னதும், “நீ ஏன் இப்படிப் பதில் சொல்லவில்லை?” என்று கடிந்துகொள்ளாத காதுகள் வேண்டும்.

அந்த அசரியாவின் பெயரைத் தாங்கிய ஒருவர் நம் நாட்டிலும் எழும்பினார். 1874 இல் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்து, மெஞ்ஞானபுரம் பள்ளியில் படித்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, மாணவப் பருவத்திலேயே தோழரோடு சேர்ந்து சாதி வேற்றுமையை ஒழிக்கும் ஒரு சகோதர சங்கத்தில் ஈடுபட்டார். கிறிஸ்தவ மாணவர் தங்களுக்குள்ளேயே சாதி பார்த்துக்கொண்டு மற்றவர்களுக்கு அன்பை அறிவிப்பது எப்படி? இந்தக் கேள்வி இன்றும் நம் வாசலில் நிற்கிறது. 1902 இல் அவர் யாழ்ப்பாணம் சென்றார். அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவ மாணவர்கள் தங்களுக்கென்று ஒரு மிஷனெரி சங்கம் வைத்து, கடல் கடந்து தொண்டிப் பகுதிக்கு ஊழியரை அனுப்பித் தாங்கிவந்ததைக் கண்டார். மாணவர் செய்யும்போது, அவர்களிலும் பெரிய திருநெல்வேலித் திருச்சபை செய்யாதிருப்பதென்ன என்ற கேள்வி அவரை உறங்கவிடவில்லை. 1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் உருவாயிற்று. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து வைக்கும் திருநெல்வேலித் தாய்மார் தெலுங்கு நாட்டு ஊழியத்தைத் தாங்கினார்கள். அசரியா 1912 இல் தோர்ணக்கல்லின் அத்தியட்சரானார். ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்திய அத்தியட்சர் அவரே. யாழ்ப்பாணத்து மாணவர்கள் தாங்கள் கண்டிராத ஒரு வேலைக்கு விதையானார்கள்.

டெல்லிப் பள்ளிகள் கோடை விடுமுறை முடிந்து ஜூலையில் திறக்கின்றன. அதற்கு முந்திய ஞாயிறன்று உங்கள் சபையில் பள்ளிப் பிள்ளைகளை வரிசையாய் நிறுத்திக் கையடித்து அனுப்பவேண்டாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் மூன்று பெரியவர்களை நியமியுங்கள். அந்தப் பிள்ளையின் வகுப்பு எது, பக்கத்தில் உட்காருகிறது யார், ஆசிரியரின் பெயர் என்ன என்று அவர்கள் அறிந்திருக்கட்டும். ஆசிரியருக்காகவும் ஜெபிக்கட்டும். வாரத்தில் ஒரு மாலை அந்த வீட்டுக்குப் போய், தேநீர் குடித்துக்கொண்டே, பள்ளியில் இந்த வாரம் என்ன நடந்தது என்று மாத்திரம் கேட்டு, பிள்ளை பேசி முடிக்குமட்டும் காத்திருக்கட்டும்.