துணைக்கு வந்த படை

சொந்தச் சண்டைக்கு வெளியாரைத் துணைக்கு அழைப்பது அறமா? பதினெட்டாம் நூற்றாண்டு மதுரைச் சீமையின் வரலாற்றைப் படிக்கிறவர் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. நாயக்கர் ஆட்சி கவிழ்ந்ததிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கலெக்டர் வந்து உட்காரும் வரை, இரண்டு தலைமுறைக் காலம் இங்கே ஆண்டவர் எவரும் சொந்தக் காலில் நின்று ஆளவில்லை. ஆர்க்காட்டு நவாபின் ஆட்கள், மராட்டியர், நிஜாமின் ஆட்கள், மைசூரார், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று மாறி மாறி யாரோ ஒருவரின் படை இந்தச் சமவெளியில் கூடாரம் அடித்திருந்தது. அவற்றில் பல தாமாக வந்தவை அல்ல. உள்ளூரார் ஒருவர் இன்னொருவரை வீழ்த்த அழைத்து வந்தவை. நாம் இந்தக் காலத்தைப் பேசும்போது வீரர், துரோகி என்று இரண்டு பட்டியல் போட்டு முடித்துவிடுகிறோம். ஒரே ஆள் இரண்டு பட்டியலிலும் வந்து நிற்கும்போதுதான் அந்த அளவுகோல் போதாது என்று தெரிகிறது. மதுரையில் அப்படி நின்றவர் கான்சாகிபு என்று மக்கள் சொல்லும் யூசுப்கான்.

அவருக்கு முன்பே தொடங்கிவிட்டது கதை. மதுரை நாயக்க மன்னர் விஜயரங்க சொக்கநாதர் 1730-களின் தொடக்கத்தில் வாரிசின்றி இறந்தார். அவர் மனைவி மீனாட்சி ஆட்சியை ஏற்றார். நாயக்கர் குலத்தின் இன்னொரு கிளையைச் சேர்ந்த பங்காரு திருமலை தன் குடும்பத்துக்கே பட்டம் என்றார். ஆர்க்காட்டிலிருந்து நவாபின் மகன் சப்தர் அலியும் மருமகன் சந்தா சாகிபும் படையோடு தெற்கே வந்தபோது பங்காருவின் தரப்பு சப்தர் அலியைப் பிடித்தது. ராணி பெருந்தொகை கொடுக்க ஒப்புக்கொண்டு சந்தா சாகிபைப் பிடித்தார். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பது இங்கே எழுத்துக்கு எழுத்து நடந்தது. காக்க வந்த சந்தா சாகிபு திருச்சிக் கோட்டையைத் தன் கைக்குள் கொண்டுவந்தார். ராணி நஞ்சுண்டு மாண்டார் என்பது மரபு. இரு தரப்பும் வெளியாரை நம்பியது ஒரு பிழைதான். அதைவிடப் பெரிய பிழை, கொடுப்பதாகச் சொன்ன பணம் யாருடையது என்று இருவரும் எண்ணிப் பார்க்காதது. அந்தத் தொகை அரண்மனைப் பெட்டியிலிருந்து மட்டும் வருவதில்லை. வைகைக் கரையிலும் கண்மாய்ப் பாசனத்திலும் நெல் விளைவித்தவனின் களத்திலிருந்து அளந்து வர வேண்டியது.

பின்னர் வந்த ஆர்க்காட்டு நவாப் முகமது அலி இதே வழியில் இன்னும் வெகுதூரம் போனார். நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபு பிரெஞ்சுக்காரரோடு சேர்ந்ததால் முகமது அலி ஆங்கிலேயரோடு சேர்ந்தார். பதவி நிலைத்தது, கூடவே கடனும் நிலைத்தது. கம்பெனிப் படையின் செலவுக்காகப் பட்ட கடன் ஒரு பக்கம். கம்பெனி ஊழியர்களே தனிப்பட்ட முறையில் கந்துவட்டிக்குக் கொடுத்த கடன் இன்னொரு பக்கம். பால் பென்ஃபீல்டு அவர்களில் பேர் பெற்றவர். 1785-ல் எட்மண்ட் பர்க் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் இந்தக் கடன்களைக் கிழித்துக் காட்டினார். கடனுக்கு ஈடாக வைக்கப்பட்டவை மாவட்டங்களின் வரி வசூல். துணைக்கு வந்த படைக்குச் சம்பளம் கொடுக்க வரியும், வரியை வசூலிக்க அதே படையும் என்று ஒரு சுற்று உருவாகிவிட்டால், அதிலிருந்து அரசன் வெளியேற முடியாது. குடியானவனுக்கோ அதற்குள் நிற்க இடமே இல்லை.

இனி யூசுப்கானுக்கு வரலாம். பனையூரில் பிறந்து, சிப்பாயாகச் சேர்ந்து, திருச்சி முற்றுகையின்போது கம்பெனிப் படைக்கு உணவு வண்டிகளைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்த திறமையால் உயர்ந்தவர். 1759-ல் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளைக் குத்தகைக்கு எடுத்து ஆளத் தொடங்கினார். அவர் ஆட்சியைப் பற்றி அவரைத் தூக்கிலிட்டவர்களே நல்லபடியாக எழுதி வைத்திருக்கிறார்கள். வழிப்பறி அடங்கியது, கண்மாய்கள் பழுது பார்க்கப்பட்டன, மீனாட்சியம்மன் கோயிலுக்கு மானியம் கிடைத்தது. மதுரையில் இன்றும் கான்பாளையமும் கான்சாமேட்டுத் தெருவும் அவர் பெயரைச் சொல்கின்றன. அதே மனிதர்தான் 1761-ல் பாளையக்காரர் பூலித்தேவனின் நெற்கட்டும்செவலையும் வாசுதேவநல்லூரையும் கம்பெனிக்காகவும் நவாபுக்காகவும் அடித்து வீழ்த்தினார். பிறகு நவாபோடு பகை முற்றியது. சென்னைக்கு வந்து கணக்கு ஒப்படைக்கச் சொன்னார்கள், அவர் மறுத்தார். மார்ஷான் என்ற பிரெஞ்சு அதிகாரியின் தலைமையில் ஒரு சிறு படையைச் சேர்த்துக்கொண்டு மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார்.

அந்தக் கொடிக்கு என்ன மதிப்பு இருந்தது என்று பார்க்க வேண்டும். புதுச்சேரி 1761 ஜனவரியிலேயே ஆங்கிலேயரிடம் விழுந்துவிட்டது. 1763 பிப்ரவரி 10-ல் பாரிசில் கையெழுத்தான உடன்படிக்கையில், முகமது அலிதான் கர்நாடகத்தின், அதாவது ஆர்க்காட்டுச் சீமையின், முறையான நவாப் என்று பிரான்ஸ் ஒப்புக்கொண்டது. மதுரைக்காரர் எவரையும் கேட்காமல், மதுரை எங்கே இருக்கிறது என்றுகூட அறியாதவர்கள் கூடிய அவையில், யூசுப்கானின் எதிரிக்குப் பட்டயம் எழுதிக் கொடுத்தாயிற்று. எந்த நாட்டுக் கொடியின் கீழ் அவர் நின்றாரோ, அந்த நாடு அவரைக் கைவிட்ட பிறகும் அவர் போரிட்டார். 1763-ல் வந்த முற்றுகை தோற்றுத் திரும்பியது. 1764-ல் மேஜர் கேம்பெல் தலைமையில் வந்த படையின் நேரடித் தாக்குதலையும் கோட்டை தாங்கியது. பிறகு வழிகளை அடைத்துப் பட்டினி போட்டார்கள். உள்ளே தானியம் தீர்ந்தது. அக்டோபர் 13-ல் மார்ஷானும் யூசுப்கானின் சொந்த ஆட்கள் சிலரும் சேர்ந்து அவரைப் பிடித்துக் கட்டினார்கள். தொழுகை நேரத்தில் என்பது மக்கள் வழக்கு. 15-ஆம் தேதி சம்மட்டிபுரத்தில் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

யூசுப்கான் நம்பிக்கைத் துரோகி என்று ஆங்கிலேயர் சொன்னது 1763-ஐ வைத்து. நம்மில் பலர் அவரை விடுதலை வீரர் என்பதும் அதே 1763-ஐ வைத்துத்தான். என் முடிவு வேறு. அவர் செயலில் அறப்பிழை இருந்தது என்றால் அது 1759-ல் இருந்தது. ஒரு சீமையின் வரி வசூலை, அதன் மேல் எந்த உரிமையும் இல்லாத ஒரு வியாபாரக் கம்பெனியின் துப்பாக்கி பலத்தால் குத்தகைக்கு எடுத்தாரே, அப்போதே அவர் தம் அதிகாரத்தைக் குடிகளிடமிருந்து பெறாமல் வெளியாரின் கணக்குப் புத்தகத்திலிருந்து பெற்றுவிட்டார். அவர் நல்லாட்சி நல்லாட்சிதான். வெட்டிய வாய்க்காலில் ஓடிய தண்ணீர் பொய்யில்லை. ஆனால் அந்த ஆட்சி குத்தகைச் சீட்டு இருக்கும் வரைதான். சீட்டைப் பறிக்க நினைத்த அன்று, அவரை நிற்க வைக்கச் சீமையில் ஓர் அமைப்பும் இல்லை. பூலித்தேவன் போன்றவர்களை அவரே ஒடுக்கியிருந்தார்.

குடிகள் எங்கே இருந்தார்கள் என்பதற்கு 1755-ன் நிகழ்ச்சி ஒன்றைச் சற்று அருகில் போய்ப் பார்க்கலாம். கம்பெனியின் கர்னல் ஹெரானும் நவாபின் அண்ணன் மாபூஸ்கானும் கப்பம் வசூலிக்க மதுரைக்கு வந்தார்கள். மதுரையை அடுத்த கோவில்குடிக் கோயிலுக்குத் தீ வைத்து, சாமி சிலைகளை மூட்டை கட்டி எடுத்துக்கொண்டார் ஹெரான். பணம் கொடுத்து மீட்டுக்கொள்ளட்டும் என்பது எண்ணம். படை திரும்பும் வழியில் நத்தம் கணவாயில், இருபுறமும் காடு அடர்ந்த குறுகிய பாதையில், அந்தப் பகுதிக் கள்ளர் சமூகத்தார் பாய்ந்து தாக்கிச் சிலைகளை மீட்டார்கள். அதற்காக அவர்கள் நவாபையோ பிரெஞ்சுக்காரரையோ துணைக்கு அழைக்கவில்லை. எவருக்கும் வரியை எழுதிக் கொடுக்கவில்லை. ஹெரானைக் கம்பெனியே பின்னர் விசாரணையில் நிறுத்தியது. ஆனால் இந்த மக்கள் கொடுத்த விலை பிறகு வந்தது. 1767-ல் கப்பம் கட்டவில்லை என்று மேலூர் வட்டாரத்துக்கு வந்த கேப்டன் ரம்லியின் படை ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்று குவித்தது.

அந்தக் காலத்து ஆட்களை இந்தக் காலத்து அளவுகோலால் அளப்பது நியாயமா என்று கேட்பார்கள். தேசம் என்ற எண்ணமே அன்று இல்லை. நவாபும் வெளியார், மராட்டியரும் வெளியார், நாயக்கர்களும் ஒரு காலத்தில் வடக்கிலிருந்து வந்தவர்களே. இந்தத் தடையில் பாதி உண்மை. தேசத்துரோகம் என்ற குற்றத்தை 1759-ல் யார் மேலும் சுமத்த முடியாது. ஆனால் நான் தேசத்தை வைத்து அளக்கவில்லை. பாளையக்காரர்கள் வாங்கியதே காவல் வரி. ஊரைக் காப்பது, திருட்டுப் போனால் மீட்டுத் தருவது, முடியாவிட்டால் ஈடு கொடுப்பது என்று அந்த வரிக்கு எதிராகக் கடமை இருந்தது. அந்த அளவுகோல் அவர்களுடையது, அவர்கள் காலத்தது. குடியைக் காக்க வாங்கிய உரிமையைக் குடியை உறிஞ்சுகிறவனிடம் அடகு வைத்தவன், தன் காலத்து நீதிப்படியே தவறியவன்.

இதைவிட வலுவான தடை ஒன்று உண்டு. வலியவன் கழுத்தில் கால் வைக்கும்போது எளியவன் யாரிடமாவது கை நீட்டத்தானே வேண்டும்? சிவகங்கையில் அதுதான் நடந்தது. 1772 ஜூனில் கம்பெனிப் படையும் நவாபின் படையும் காளையார்கோவிலைத் தாக்கின. சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டார். சிவகங்கைக்கு உசேன் நகர் என்று பெயர் மாற்றினார்கள். அவர் மனைவி வேலு நாச்சியார் மகளோடு திண்டுக்கல்லுக்கு மேற்கே விருப்பாட்சிக்குப் போய், அங்கிருந்த பாளையக்காரர் கோபால நாயக்கரின் ஆதரவில் எட்டு ஆண்டுகள் தங்கி, மைசூரை ஆண்ட ஹைதர் அலியின் உதவியைப் பெற்று 1780-ல் சிவகங்கையை மீட்டார். ஹைதரும் வெளியார்தான், தன் போருக்கு ஆள் தேடியவர்தான். அந்த ஆண்டே அவர் படை ஆர்க்காட்டுச் சீமையின் ஊர்களைச் சாம்பலாக்கியது என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனாலும் வேலு நாச்சியார் செய்ததைப் பிழை என்று என்னால் சொல்ல முடியாது. அவருடன் நின்றவர்கள் மருது சகோதரர்களும் சொந்தச் சீமை மக்களும். மீட்டபின் கோட்டையில் மைசூர்க் காவற்படை உட்காரவில்லை. வரிக் கணக்கு ஸ்ரீரங்கப்பட்டினத்துக்குப் போகவில்லை. துணை வந்தவன் திரும்பிப் போக வழி இருந்தது, அனுப்புகிற வலுவும் அழைத்தவரிடம் இருந்தது. மீனாட்சி ராணிக்கும் வேலு நாச்சியாருக்கும் இடையே உள்ள வேறுபாடு இதுதான், அவரவர் வீரம் அன்று.

புதுக்கோட்டைத் தொண்டைமானைக் காட்டி வாதிடுகிறவர்களும் உண்டு. தொண்டைமான்கள் ஆங்கிலேயரைத் தொடக்கம் முதல் விடாமல் பிடித்துக்கொண்டார்கள். கம்பெனியை எதிர்த்த கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தார்கள். கீழாநிலையைப் பரிசாகப் பெற்றார்கள். 1948 வரை அரசு நிலைத்தது. அண்டைச் சீமைகள் பட்ட அழிவு அங்கே இல்லை என்பதும் மெய். தம் குடிகளைக் காத்தார்கள் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் காப்பு அடுத்த வீட்டுக்காரனைக் காட்டிக் கொடுத்து வாங்கியது. தன் குடிக்குச் செய்யும் கடமை, பிறர் குடியை விற்க உரிமை தராது.

1801 ஜூனில் கம்பெனிக்கு எதிராக எழுந்த மருது சகோதரர்கள் திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டிய அறிக்கை, ஐரோப்பியருக்கு இடம் கொடுத்த நவாபைத்தான் முதலில் குற்றம் சாட்டியது. ஆங்கிலேயர் அதற்குப் பதிலாகச் செய்தது பழைய வேலையே: படமாத்தூர் கௌரி வல்லபரைத் தேடிப் பிடித்து, சிவகங்கைக்கு அவரே உரியவர் என்று பட்டம் கட்டி, சீமை மக்களை இரண்டாக்கினார்கள். அக்டோபரில் திருப்பத்தூரில் மருதுகள் தூக்கிலிடப்பட்டார்கள். அதே ஆண்டு ஜூலை 31-ல் அன்றைய நவாப் ஆட்சி உரிமை முழுவதையும் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்து, வருவாயில் ஐந்தில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டு ஒதுங்கினார்.

மதுரையின் கோட்டைச் சுவரை இடித்துப் போட்ட வெளி வீதிகளில் இன்று நாம் நடக்கிறோம். குருபூஜைக்கும் பிறந்தநாளுக்கும் இந்தத் தலைவர்களின் சிலைகளுக்கு மாலை போடுகிறோம், அதில் தவறில்லை. இவர்களைப் பற்றிப் பாடநூல் எழுதுகிறவர்களையும் மேடையில் பேசுகிறவர்களையும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். யார் யாரோடு சேர்ந்தார் என்று சொல்லும்போது, அந்தச் சேர்க்கைக்கான பணத்தை எந்த ஊர்க் களத்திலிருந்து அளந்தார்கள் என்பதையும், மேலூரிலும் நத்தத்திலும் பெயரில்லாமல் செத்தவர்களையும் சேர்த்துச் சொல்லுங்கள்.