அளந்து பின்னும் அறம்

ஒருவர் உடலுக்கென்றே அளவெடுத்து ஆடை செய்வது பற்றின் பாற்படுமா, அறத்தின் பாற்படுமா? பிக்குகளின் சீவரம் எவருடைய உடல் வடிவையும் பார்த்துத் தைக்கப்படுவதன்று. மகத நாட்டு வயல்களின் வரப்பமைப்பைக் காட்டிப் பகவன் பணித்தவாறு, ஆனந்தர் துண்டுகளை இணைத்து அமைத்த உடை அது. அவ்வெளிமையைப் போற்றும் நாம், கைக்கும் மார்புக்கும் கழுத்துக்கும் தனித்தனியே அளவு பார்ப்பது தகுமா என்னும் ஐயம் இளைஞர் சிலரிடையே எழக் காண்கிறோம். அதனை இங்கு ஆராய்வோம்.

மலையில் வாழ்வோர்க்கு இஃது ஏட்டுக் கேள்வியன்று. பாலக்காட்டு நெல்லியாம்பதியிலும் இடுக்கியின் மூணாற்றிலும் தேயிலைத் தோட்டங்களில் உழைப்போருள் பலர், தலைமுறைகளுக்கு முன் மலையேறிய தமிழரின் வழிவந்தோர்; அவருள் பெருந்தொகையினர் ஒடுக்கப்பட்ட மக்கள். மூணாற்றைச் சூழ்ந்த உயர்ந்த தோட்டங்களில் சனவரி மாதத்து விடியலில் புல்லின்மேல் உறைபனி படிவதுண்டு. அங்கே ஸ்வெட்டர் அலங்காரமன்று. அரிசியைப் போன்ற தேவை.

கடையில் தொங்கும் ஸ்வெட்டர் குறித்த ஒருவருக்காகச் செய்யப்பட்டதன்று. ஆலையில் ஆண்டுகள் பல நின்ற நாம் இதனை அறிவோம்: அங்கே கெஜக் கணக்கு உண்டு, உடுத்துவோர் முகம் இல்லை. வீட்டிலிருந்து பின்னும் பெண்ணோ, முதலில் அளவு நாடாவை எடுக்கிறாள். உல்லன் நூலில் சிறு சதுரம் ஒன்று பின்னி, ஓர் அங்குலத்தில் எத்தனை கண்ணிகள் அமைகின்றன என்று எண்ணுகிறாள். ஐந்து கண்ணிகள் எனின், 30 அங்குல மார்புடைய சிறுவனுக்கு, உள்ளே சட்டை அணிந்து தடையின்றி மூச்சுவிட 2 அங்குலம் கூட்டி, 32 அங்குலத்துக்கு 160 கண்ணிகள்; முன்புறம் 80, பின்புறம் 80. சுமையால் ஒரு தோள் தாழ்ந்த தாய்க்கு, அத்தோளுக்கேற்ப வரிசைகள் குறைகின்றன.

அளவெடுக்க வேண்டுமாயின் தொட வேண்டும். இச்சொல்லின் ஆழம் நம்மவர்க்குத் தெரியும். நம் முன்னோரைத் தொட மறுத்து, எட்ட நின்று கண்ணளவாலேயே சட்டை தைத்துக் கொடுத்த தையற்காரர் பல ஊர்களில் இருந்தனர். பழந்துணியை மேலிருந்து எறிந்ததும் ஈகை என்றே பெயர் பெற்றது. பெறுவோன் உடலை நோக்காத ஈகை, அவனை ஓர் ஆளாக எண்ணாத ஈகையேயாம். 1956 அக்டோபரில் நாகபுரியில் அண்ணல் அம்பேத்கர் அளித்த 22 உறுதிமொழிகளுள் மனிதர் யாவரும் சமம் என்பதும் ஒன்று. சமம் என்பது எல்லோர்க்கும் ஒரே அளவுச் சட்டை என்பதன்று. எல்லோரும் அளவெடுக்கத் தக்கவர் என்பதே.

ஆயின் ஒரு தடை எழும். தாயை இழந்த சித்தார்த்தரைப் பாலூட்டி வளர்த்த மகாபிரஜாபதி கோதமி, தம் கையால் நூற்று நெய்த புத்தாடை இணையொன்றைக் கபிலவத்துவில் பகவனுக்கு அளிக்க வந்தார். மும்முறை வேண்டியும், அதனைச் சங்கத்துக்கு அளிக்குமாறே பகவன் கூறினார். ஒருவருக்கென உழைத்த அன்பை அவர் பழித்தாரா? இல்லை. சங்கத்துக்கு அளித்தால் தாமும் சங்கமும் ஒருங்கே போற்றப்படுவோம் என்றார். தாயின் உழைப்பை அவர் குறைக்கவில்லை; அது சென்று சேரும் எல்லையை விரித்தார்.

அளவையும் அவர் வெறுக்கவில்லை. அக்கோதமியின் மகன் நந்தர், பகவனினும் நான்கு விரற்கடை உயரம் குறைந்தவர். பகவனின் சீவர அளவிலேயே அவரும் அணிந்தமையால், தொலைவில் வருபவர் பகவனே என மூத்த பிக்குகள் மயங்கினர். அதன்பின் அவ்வளவிலோ அதனினும் பெரிதாகவோ சீவரம் கூடாதென விதி பிறந்தது. உடைக்கு அளவு வேண்டும் என்பது விநயத்துக்கும் உடன்பாடே.

எனவே, அளப்பதில் பற்றில்லை. தன் பிள்ளையை அளந்தவுடன் நாடாவைச் சுருட்டி வைத்துவிடுவதில்தான் பற்று உண்டு. பின்னலே இதனைப் போதிக்கிறது. ஒவ்வொரு கண்ணியும் கீழுள்ள கண்ணியில் புகுந்து, மேலுள்ள கண்ணியால் தாங்கப்பட்டு நிற்கிறது. ஒன்று நழுவின் கீழ்வரிசைகளும் அவிழ்கின்றன. பிள்ளை வளர்ந்தபின் ஸ்வெட்டரைப் பிரித்து, நூலைக் கழுவிச் சுருள் நீக்கி, அடுத்த வீட்டுக் குழந்தைக்குப் புதிதாய் அளவெடுத்துப் பின்னலாம். வடிவம் அநித்தியம், கதகதப்போ கைமாறிச் செல்கிறது.

ஆதலின், அன்பர்களே! துணி தானம் செய்யும்போது மூட்டையை இறக்கிவிட்டுத் திரும்பாதிருப்போம். பெயர் கேட்போம், அளவு கேட்போம். பின்னத் தெரிந்த சகோதரிக்கு நூல் விலையோடு நாட்கூலியும் கொடுப்போம். பிறர் உழைப்பை விலையின்றிப் பெற்று நாம் புண்ணியம் தேடுவது, கொடாததைக் கொள்ளாமை என்னும் சீலத்துக்கு இழுக்காகும். முதல் அளவு நம் பிள்ளைக்காயின், இரண்டாம் அளவு லயத்தின் கடைசி வீட்டுப் பிள்ளைக்கு ஆகுக.

நமோ புத்தாய!