சிட்டை வேண்டாத மருந்தும் பொறுப்பும்

கல்முனைக் கரையோரத்து இளைஞனொருவன் உடலை வலுவாக்க விரும்பி, டெஸ்டொஸ்டெரோன் சுரப்பைப் பெருக்கும் என விளம்பரப்படுத்தப்பட்ட குளிசைகளை வாங்குவதாகக் கொள்வோம். விற்பவர் வைத்தியரின் மருந்துச் சிட்டையைக் கேட்பதில்லை. 'சிட்டை வேண்டாததாயின் தீங்கும் இராது' என அவன் முடிவு செய்கிறான். இம்முடிவு சரியானதா என்பதே நம்முன் உள்ள வினா.

முதலில் இரண்டினை வேறுபடுத்தல் வேண்டும். டெஸ்டொஸ்டெரோன் என்னும் ஓமோன், வைத்தியரின் சிட்டையுடன் பெறவேண்டிய மருந்தாகும். அது வெளியிலிருந்து செலுத்தப்படும்போது கபச்சுரப்பி விதைகளுக்கு விடுக்கும் தூண்டலைக் குறைக்கின்றது; உடலின் சொந்தச் சுரப்பும் விந்தணு உற்பத்தியும் குன்றுகின்றன. ஆண்மையைத் தேடியவன் மலட்டுத்தன்மையைச் சந்திக்க நேரலாம். சிட்டையின்றி விற்கப்படுபவையோ பெரும்பாலும் நெருஞ்சி, வெந்தயம், அமுக்கரா, துத்தநாகம் முதலியன கலந்தவை. நம் மணலிற் காலைத் தைக்கும் நெருஞ்சி அவ்வோமோனைப் பெருக்கும் என்பது மனிதரிடம் நடத்திய ஆய்வுகளில் தெளிவாக நிறுவப்படவில்லை.

எனவே, சுட்டுத்துண்டு மெய்யாயின் பயன் ஐயத்துக்குரியது. பொய்யாயின் ஆபத்து உண்மையானது. கிரிக்கெட் வீரர் உபுல் தரங்க தோள் உபாதைக்கு உட்கொண்ட மூலிகை மருந்தின் வழியே, வேறுவகை ஸ்டீரொய்ட் ஒன்று அவர் உடலிற் சேர்ந்தமை 2011 உலகக் கிண்ணப் போட்டியின்போது வெளிப்பட்டது. அவரிடம் தீய நோக்கம் இல்லையென ஏற்கப்பட்டும் மூன்று மாதத் தடை விதிக்கப்பட்டது. அறியாமை உடலையும் காவாது, பெயரையும் காவாது.

அங்ஙனமாயின் அனைத்துக்கும் சிட்டை வேண்டுமா? வெந்தயத்துக்குச் சிட்டை கேட்டால் அடுக்களைக்கும் கேட்கவேண்டி வரும். 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கத் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டம் மருந்துகளோடு எல்லைநிலைப் பொருள்களையும் உள்ளடக்குகின்றது. உணவுக்கும் மருந்துக்கும் இடையிலான கோடு தெளிவற்றது என்பதைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது எனலாம்.

சிட்டையின் பெருமை தாளில் இல்லை. ஒருவர் நம்மைச் சோதித்து, தம் தீர்ப்புக்குப் பொறுப்பேற்கிறார் என்பதிலேயே உள்ளது. தாள் வேண்டாத இடத்தில் அப்பொறுப்பு மறைவதில்லை. விற்பவர்மீதும் வாங்குபவர்மீதும் இறங்குகிறது. உண்மையான ஓமோன் குறைபாடு, அறிகுறிகளுடன் காலைவேளை இரத்தப் பரிசோதனையை மீளச் செய்தே உறுதிசெய்யப்படுவது. சோர்வுக்கு நீரிழிவும் காரணமாகலாம், உறக்கமின்மையும் காரணமாகலாம். வெட்கத்தால் வைத்தியரைத் தவிர்த்துக் குளிசையை நாடுபவன் தன் நோயைத் தன்னிடமே மறைக்கிறான்.

உடல் ஓர் அமானிதம் என்பர் நம் பெரியோர். அதனை நம்பி வருபவனிடம் விற்பவர் உரைக்கும் சொல்லும் அமானிதமே. சட்டம் கேளாததை மனச்சான்று கேட்கவேண்டும்.