காரணம் கேட்கும் உரிமை

கடன் கொடுப்பவன் தன் விருப்பம்போல் மறுக்கலாமா? பொருள் அவனுடையது, அது திரும்பி வருமா என ஐயுறுவதும் அவன் உரிமை. ஆயினும், வீடு வாங்கவும் தொழில் தொடங்கவும் கடனே வாயிலாக அமைந்துவிட்ட சமுதாயத்தில், மறுப்பு என்பது தனி ஒருவனின் விருப்பமாக மட்டும் நின்றுவிடுவதில்லை. பிறருடைய வாழ்வுக்கு எல்லை வகுக்கும் தீர்ப்பாகவே அது ஆகிவிடுகிறது.

அமெரிக்க நாட்டின் வரலாறு இதற்குச் சான்று பகரும். 1933இல் அங்குத் தோன்றிய வீட்டுரிமையாளர் கடன் கழகம் 200க்கும் மேற்பட்ட நகரங்களுக்கு வரைபடங்கள் தீட்டியது. பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு என நான்கு நிறங்கள். கடனுக்கு ஆபத்தானவை எனக் கருதப்பட்ட பகுதிகளுக்குச் சிவப்பு. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகள் பெரும்பாலும் அச்சிவப்புக்குள் அடைபட்டன. ஆளைப் பாராமல் அவன் வாழும் தெருவைப் பார்த்துக் கடன் மறுக்கும் வழக்கத்திற்குச் 'சிவப்புக் கோடிடுதல்' என்னும் பெயரே பின்னாளில் நிலைத்துவிட்டது.

1968இல் வீட்டு வசதியில் இன வேற்றுமை காட்டுவதைச் சட்டம் விலக்கிற்று. 1974இல் வந்த சமக் கடன் வாய்ப்புச் சட்டம், பெண் என்பதற்காகவோ மண நிலையைக் காட்டியோ கடன் மறுப்பதைத் தடுத்தது. 1976இல் அத்தடை இனம், நிறம், சமயம், வயது முதலியவற்றிற்கும் விரிந்தது. அதனுடன் நுட்பமான ஓர் உரிமையும் சேர்ந்தது: மறுக்கப்பட்டவர் மறுப்பின் காரணத்தை அறியலாம்.

இச்சட்டத்தைக் கையாளும் வழக்கறிஞரின் பணி முன்னர் ஓரளவு தெளிவானதாய் இருந்தது. மறுத்த அதிகாரியை வினவலாம். இருவருடைய கோப்புகளை அருகருகே வைத்து ஒப்பிடலாம். இன்றோ, பல இடங்களில் முடிவு கூறுவது கணினி. அதற்குப் பகை இல்லை; முகம் பார்த்து முடிவு செய்த அதிகாரியினும் அது மேலானதாகவும் இருக்கலாம். இதனை ஒப்புக்கொள்வதே நேர்மை. ஆனால், இனத்தைக் கேளாத கணினி முகவரியைக் கணக்கில் கொள்ளக்கூடும். பழைய கோடு பிரித்து வைத்த தெருக்களிலேயே மக்கள் இன்னும் வாழ்வார்களாயின், முகவரியே இனத்தின் மறுபெயர் ஆகிவிடாதா? வெறுப்பு இல்லாமலும் அநீதி விளையும்.

"எங்கள் கணக்கு மிகச் சிக்கலானது, காரணத்தைப் பிரித்துரைக்க இயலாது" எனக் கடன் கொடுப்போர் கூறலாம். அச்சாக்கு செல்லாது என அந்நாட்டின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2022இல் எடுத்துரைத்தது. அமைப்புகளின் போக்கு ஆட்சிக்கு ஆட்சி மாறலாம். அக்கூற்றினுள் அடங்கிய அறம் மாறுவதன்று.

காரணம் அறிந்தவர், கணக்குப் பிழையாயின் திருத்தக் கோரலாம். குறை தம்முடையதாயின் அதனை நீக்கிக்கொண்டு மீண்டும் வரலாம். வஞ்சிக்கப்பட்டிருப்பின் நீதிமன்றம் ஏறலாம். காரணம் அறியாதவர்க்கு இம்மூன்று வழிகளும் அடைபடுகின்றன. தன் முடிவுக்குக் காரணம் கூற இயலாதவன், அம்முடிவைப் பிறர் வாழ்வின்மீது சுமத்தும் தகுதியையும் இழக்கிறான். கருவி எதுவாயினும் அதனைப் பணியில் அமர்த்தியவன் மனிதனே. விடை கூறக் கடமைப்பட்டவனும் அவனே.