கடைசி வீரன் வரை

தன் உயிரை ஈவதற்கு ஒருவனுக்கு உரிமை உண்டு. பிறர் உயிரைக் கேட்கும் உரிமை அவனுக்கு எங்கிருந்து வருகிறது? போர்க்கள வீரத்தைப் போற்றும்போது நாம் இக்கேள்வியைக் கடந்து சென்றுவிடுகிறோம்.

பரம்வீர் சக்ர விருதுக்கு முதன்முதலில் உரியவரான மேஜர் சோம்நாத் சர்மா, குமாவுன் படைப்பிரிவின் நான்காம் பட்டாலியனைச் சேர்ந்தவர். 1947 அக்டோபர் இறுதியில் அவரது கம்பெனி ஸ்ரீநகருக்கு அனுப்பப்பட்டபோது அவருக்கு வயது 24. ஹாக்கி ஆட்டத்தில் அடிபட்டு இடக்கையில் மாவுக்கட்டு. விலகியிருக்க நியாயமான காரணம் இருந்தும், வற்புறுத்தி அனுமதி பெற்றுச் சென்றார்.

நவம்பர் 3 அன்று பட்காமில் ஏழு மடங்கு பெரிதான எதிரிப்படை அவரது கம்பெனியைத் தாக்கியது. அவர் விலகினால் ஸ்ரீநகர் விமானத்தளத்திற்கு ஆபத்து. ஓர் அங்குலமும் பின்வாங்காமல் கடைசி வீரன், கடைசித் தோட்டா உள்ளவரை போரிடுவதாகத் தலைமையகத்திற்குச் செய்தி அனுப்பினார். கவனியுங்கள்: அவர் பணயம் வைத்தது தம் உயிரை மட்டுமன்று.

எனினும் அவர் பாதுகாப்பான இடத்தில் அமர்ந்து ஆணையிடவில்லை. குண்டு மழைக்கிடையே திறந்த வெளியில் ஓடிச் சென்று வீரர்களை ஊக்கினார். எதிரியின் கண்ணெதிரே தரையில் துணிகளை விரித்து நம் விமானங்களுக்கு இலக்கைக் காட்டினார். துப்பாக்கி இயக்குவோர் பலர் வீழ்ந்ததும், கட்டுப்போட்ட கையுடன் மேகசின்களில் தோட்டாக்களை நிரப்பி வீரர்களுக்கு வழங்கினார். சாதாரணச் சிப்பாய் செய்யும் வேலை அது! பதவியின் நினைவு அகன்று, செய்ய வேண்டிய செயல் ஒன்றே எஞ்சும் நிலை. கர்மயோகத்திற்கு நாம் எழுதும் விளக்கவுரைகள் இதற்குமேல் என்ன சொல்லிவிடும்?

ஆனால் முன்னே நிற்பது மட்டும் போதுமா? புகழ்வெறி கொண்டவனும் முன்னே நிற்பான். நூறு பேரை வீண் மரணத்திற்கு இழுத்தும் செல்வான். துணிவு அவனிடமும் உண்டு. கேட்கப்படும் உயிர் யாருக்காக என்பதே இருவரையும் பிரிக்கிறது. பட்காமில் எதிரி சுமார் ஆறு மணி நேரம் தடுக்கப்பட்டான். அந்த அவகாசத்தில் துணைப்படைகள் ஹும்ஹமாவில் நிலைகொண்டன. அந்த ஆறு மணி நேரம் சர்மாவின் புகழுக்காக அன்று, ஸ்ரீநகருக்காகச் செலவிடப்பட்டது.

தோட்டாக் குவியல் நடுவே பீரங்கிக் குண்டு விழுந்து வெடித்ததில் அவர் வீழ்ந்தார். சட்டைப் பையிலிருந்த கீதையின் பக்கங்களும் அவரது உடலை அடையாளம் காண உதவின என்பர். ஆணையிட்டவர் மறைந்த பின்னும் அவரது வீரர்கள் அந்த இடத்தை விடவில்லை. ஏறக்குறைய முற்றிலும் சூழப்பட்ட பிறகே எஞ்சியவர்கள் விலகினார்கள்.